நூற்றுப் பதினொன்றில் நூறு

பரந்தன் சந்தியில் ஒரு தேநீர்க் கடை. வாசல் வாங்கில் இருந்த மூன்று இளைஞர்கள் ஒரே கைத்தொலைபேசியின்மீது குனிந்திருந்தார்கள். எங்கோ கடல் கடந்த ஊரில் நடக்கவிருக்கும் குத்துச்சண்டை. ஒரு வீரரின் பெயருக்கு நேரே 1.25, மற்றவருக்கு 4.00, சமநிலைக்கு 17.00 என்று எண்கள்.

"அண்ணை, இதில் எவன் வெல்வான்?" என்றான் ஒருவன்.

எனக்குக் குத்துச்சண்டை அதிகம் தெரியாது. அந்த மூன்று எண்களைக் கொஞ்சம் தெரியும். தேநீர் வரத் தாமதமானதால் அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

4.00 என்றால், நூறு ரூபாய் வைத்து வென்றவருக்கு வைத்த நூறும் சேர்த்து நானூறு கிடைக்கும். அது பரிசுத் தொகைபோலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு நிகழ்தகவின் விலைச்சீட்டு. 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25. அந்த வீரர் வெல்ல 25 சதவீத வாய்ப்பு என்று விலை சொல்கிறது. 1.25-ஐ அப்படியே வகுத்தால் 80. 17-ஐ வகுத்தால் ஏறத்தாழ 6. மூன்றையும் கூட்டுங்கள்: 111. மூன்றில் ஒன்றுதான் நடக்க முடியும் என்கிற ஒரு விடயத்துக்கு வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்ட முடியாதே. மிச்சம் 11 எங்கிருந்து வந்தது?

முதலாமவர் மேல் 80 ரூபாய், இரண்டாமவர் மேல் 25, சமநிலை மேல் 6 என்று பிரித்து வையுங்கள். கையிலிருந்து போனது 111. எது நடந்தாலும் திரும்பி வருவது நூறு, மிஞ்சினால் நூற்றிரண்டு. வித்தியாசம் பந்தயக் கடையுடையது. மூன்று பக்கமும் பணம் இந்த விகிதத்தில் விழுந்தால் கடைக்காரர் அந்தச் சண்டையைப் பார்க்கவே தேவையில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு பக்கம் பணம் குவிந்தால் விலையை மாற்றி மறுபக்கத்துக்கு ஆட்களை இழுப்பார். அதனால் விலையில் சண்டையைப் பற்றிய அறிவு மட்டும் இருப்பதில்லை, கூட்டத்தின் ஆசையும் கலந்திருக்கிறது. 2017 ஓகஸ்டில் ஃப்ளாய்ட் மேவெதர், கொனோர் மக்கிரெகர் சண்டையில் இது பட்டப்பகல்போலத் தெரிந்தது. மேவெதர் 49 சண்டைகளில் தோற்காதவர். மக்கிரெகர் வேறொரு சண்டை விளையாட்டில் பெயர் பெற்றவர், தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒருமுறைகூட இறங்காதவர். ஆனாலும் பந்தயச் சீட்டுகளில் பெரும்பான்மை மக்கிரெகர் பெயரில் விழுந்தன. அவருடைய விலை இறங்கிக்கொண்டே போனது, மேவெதரின் விலை கவர்ச்சியானது. பத்தாவது சுற்றில் மேவெதர் வென்றார். குறைந்த வாய்ப்புள்ளவர்மேல் மக்கள் அளவுக்கு மீறிப் பணம் வைக்கும் இந்தப் பழக்கத்தைக் குதிரைப் பந்தயங்களில் 1949-லேயே ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

ஆக, "எவன் வெல்வான்?" என்று தம்பி கேட்டது பாதிக் கேள்வி. வெல்வார் என்று ஊரே அறிந்தவரின் சீட்டும் அந்த எண் அளவுக்கு மீறிக் குறைந்தால் நட்டச் சீட்டுத்தான். விலை சொல்லும் வாய்ப்புக்கும் உண்மையான வாய்ப்புக்கும் இடையில் இடைவெளி இருக்கிறதா என்பதே மீதிப் பாதி.

குத்துச்சண்டையில் அந்த உண்மையான வாய்ப்பைக் கணிப்பதுதான் பெரும்பாடு. கிரிக்கெட் அணி ஒரு வருடத்தில் ஆடும் ஆட்டங்களைக் கொண்டு அதை ஓரளவு எடை போடலாம். முன்னணிக் குத்துச்சண்டை வீரர் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் இறங்குகிறார். அதிலும் பல வெற்றிகள் பலவீனமானவர்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவை. இன்னொரு சங்கடம், சிலரைப் பற்றிப் பாதித் தகவல்தான் இருக்கும். 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலியைச் சந்தித்த ஜோர்ஜ் ஃபோர்மன் 40 சண்டைகளிலும் வென்றவர், 37 பேரை நாக் அவுட் செய்தவர். கடைசி எட்டுச் சண்டைகளும் இரண்டு சுற்றுக்குள் முடிந்தவை. அந்தப் பயங்கரமான புள்ளிவிவரத்துக்குள் ஒரு வெற்றிடம் இருந்தது: ஆறாவது, ஏழாவது சுற்றில் களைத்த ஃபோர்மன் எப்படி இருப்பார் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஏதும் இல்லை. அலி கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி அவரைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். இந்தக் கதையில் எனக்கு அலியின் துணிச்சலைவிட அந்த வெற்றிடம்தான் பிடிக்கும்.

நாக் அவுட் இல்லையென்றால் மூன்று நடுவர்களின் கண்கள்தான் கதி. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. 2013-இல் மேவெதர் கனெலோ அல்வாரெஸை வென்ற சண்டையை இரு நடுவர்கள் 117-111, 116-112 என்று எழுத, மூன்றாமவர் 114-114 என்று சமநிலையாக எழுதினார். அதே சண்டை, அதே இரவு.

டைசன் கதை எல்லோருக்கும் தெரியும். 1990 பெப்ரவரி 11, டோக்கியோ. 37 சண்டைகளில் தோல்வியே காணாத மைக் டைசனுக்கு எதிராக பஸ்டர் டக்ளஸுக்கு லாஸ் வேகாஸின் மிராஜ் விடுதி 42-க்கு 1 என்று விலை வைத்தது. ஒரு ரூபாய் வைத்தால் லாபம் 42, வைத்ததும் சேர்த்து 43; அதாவது 43 முறை மோதினால் ஒருமுறை வெல்வார் என்று அர்த்தம். அந்த ஒருமுறை அன்றே நடந்தது. விலை தவறு என்று பலர் சொல்வார்கள். ஒரே ஒரு சண்டையை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது; கோடையில் ஒருநாள் மழை பெய்தால் அது கோடை இல்லை என்று ஆகிவிடாது.

சரி, இடைவெளி ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள் என்றே வைப்போம். எவ்வளவு வைப்பது? இதற்கு விடை சொன்னவர் சூதாடி அல்லர். பெல் ஆய்வுகூடத்தில் தகவல் கடத்தலை ஆராய்ந்த ஜோன் கெலி 1956-இல் ஒரு கட்டுரையில் அதைச் சொன்னார். கிளிநொச்சி விவசாயிக்கு அதன் சாரம் புதிதே அல்ல. மாரி முடிந்ததும் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகக் கூட்டத்தில் விதைக்கும் ஏக்கரைத் தீர்மானிக்கிறார்கள். குளம் நிறைந்திருந்தால் நிறைய, குறைந்திருந்தால் ஒரு பங்கு மட்டும். கெலியின் கணக்கில் நீர்மட்டத்தின் இடத்தில் இருப்பது உங்கள் சாதகம், அதாவது சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய லாபம்.

4.00 விலையுள்ளவருக்கு உண்மையில் 30 சதவீத வாய்ப்பு என்று கணித்தால், நூறு ரூபாய்க்குச் சராசரியாக 120 திரும்பும், சாதகம் 20. அதை விலையில் ஒன்று குறைத்த 3-ஆல் வகுத்தால் 6.7. கையில் பத்தாயிரம் இருந்தால் 667 ரூபாய், அதற்கு மேல் இல்லை. உங்கள் கணிப்பு பிழைத்து உண்மை 24 சதவீதமாக இருந்தால் நூறுக்கு 96 தான் திரும்பும். வற்றிய குளத்தில் விதைத்த கதை. அதனால்தான் விவரமறிந்தவர்கள் கெலி சொன்னதில் பாதியை வைக்கிறார்கள்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைக்கும் பழைய உத்தியைப் பற்றி ஒரு வரி போதும்: நூறில் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றால் போனது 1,02,300 ரூபாய், பதினோராவது முறை வென்றாலும் மிஞ்சுவது நூறு. நான்கு சண்டைகளை ஒரே சீட்டில் கோப்பதும் அப்படித்தான். கடையின் பங்கு நான்கு முறை பெருகுகிறது.

தேநீர் வந்தது. கேள்வி கேட்டவனிடம், விலையைப் பார்க்காமல் அவனுடைய சொந்தக் கணிப்பைச் சொல்லச் சொன்னேன். சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதினான்: முதலாமவர் 75, இரண்டாமவர் 30, சமநிலை 5.

கூட்டிப் பார்த்தேன். 110.

"தம்பி, நீ பந்தயம் கட்டாதே," என்றேன். "கடையைத் திற."