புரோபயாடிக்: சொட்டு மருந்தும் அன்று, உயிர்ச்சத்தும் அன்று

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில், கைக்குழந்தையுடன் நின்ற பெண் ஒருவர், "அண்ணா, போலியோ சொட்டு மருந்து போட்டாச்சு. இந்த ஆஸ்துமா சொட்டு மருந்து எத்தனை தவணை போடணும்?" என்று கேட்டார். "தவணை எல்லாம் இல்லம்மா, தினமும் கொடுக்கணும்" என்று கடைக்காரர் புரோபயாடிக் பெட்டியை நீட்டினார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. பெட்டியினுள் மடித்து வைத்த தாளில் 'ஆஸ்துமா, எக்ஸிமா தடுப்புச் சொட்டு மருந்து' என்றே அச்சிட்டிருந்தது. எக்ஸிமா என்பது தோல் சிவந்து அரிக்கும் நோய். புதுச்சேரியிலும் இதே தொடரைப் பலமுறை கேட்டுச் சலித்துவிட்டதால், புரோபயாடிக்குக்குத் தமிழில் எந்தப் பெயர் தகும் என்று எழுத வேண்டியதாயிற்று.

'புரோபயாடிக்' என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'புரோ' என்பது இலத்தீன் முன்னொட்டு. சார்பாக, ஆதரவாக என்று பொருள். 'பயோஸ்' என்பது கிரேக்கத்தில் வாழ்வு. மூலச்சொல்லே இருமொழிக் கலப்பு என்பதைத் தனித்தமிழ் அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம். 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்னும் இருவர், ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளுக்கு, ஆன்டிபயாடிக்கின் எதிர்ச்சொல்லாக இதை ஆண்டனர். பின்னர் பொருள் மாறியது. இன்று பெரும்பாலோர் பின்பற்றும் வரையறை, உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் தந்தது: போதிய அளவில் உட்செலுத்தப்படும்போது, ஏற்பவரின் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள். உயிருள்ளவை, அளவு, உட்செலுத்துதல், நன்மை ஆகிய நான்கும் இந்த வரையறைக்கு வேண்டும்.

'தடுப்புச் சொட்டு மருந்து' என்ற தொடர் இவற்றில் ஒன்றையும் தாங்கவில்லை என்பது சிறிய குற்றம். இல்லாத ஒன்றை ஏற்றிச் சொல்வதுதான் பெரிய குற்றம். நம் பக்கத்தில் குழந்தைக்குச் 'சொட்டு மருந்து' என்றால் அது இளம்பிள்ளை வாதத்துக்கான தடுப்பூசியின் வாய்வழி வடிவம். இப்போது ரோட்டா வைரசுக்கும் அப்படியே தருகிறார்கள். அதனோடு 'தடுப்பு' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டால், முகாமில் வரிசையில் நின்று போட்டுக்கொள்ளும் ஒன்றாகவே எந்தத் தாயும் விளங்கிக்கொள்வார். தடுப்பூசி குறிப்பிட்ட ஒரு கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டிப் பழக்குகிறது. ஆஸ்துமாவுக்கும் எக்ஸிமாவுக்கும் அப்படி அடையாளம் காட்டத் தனிக்கிருமி எதுவுமில்லை. அவற்றில் பரம்பரை, ஒவ்வாமை, தோலின் காப்புத்திறன், சுற்றுச்சூழல் எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன.

சரி, தடுக்கவாவது செய்கிறதா? பிறந்த சில மாதங்களில் குடலில் குடியேறும் நுண்ணுயிர்கள் நோய் எதிர்ப்பாற்றலைப் பழக்குகின்றன என்ற கருத்தின் அடிப்படையில்தான் சோதனைகள் தொடங்கின. பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒவ்வாமை உள்ள குடும்பங்களில், பேறுகாலத்துக்குச் சற்று முன்பு தாய்க்கும், பிறகு ஆறு மாதம் தாய்க்கோ குழந்தைக்கோ லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற பாக்டீரியா வகையைக் கொடுத்தார்கள். இரண்டு வயதில் எக்ஸிமா, கொடுக்கப்பட்டவர்களில் 23 விழுக்காடு, கொடுக்கப்படாதவர்களில் 46 விழுக்காடு. உலகமே பரபரப்படைந்தது. ஆனால் அதே வகையைக் கொண்டு ஜெர்மனியில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில் எக்ஸிமா குறையவில்லை. அடிக்கடி இரைப்பு வந்த குழந்தைகள், கொடுக்கப்பட்ட பக்கத்தில்தான் அதிகம். அமெரிக்காவில் 184 குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதில் எக்ஸிமா, கொடுக்கப்பட்டவர்களில் 28.7 விழுக்காடு, கொடுக்கப்படாதவர்களில் 30.9; ஐந்து வயதில் ஆஸ்துமா, அதே வரிசையில் 9.7, 17.4. பின்னது பெரிய வேறுபாடாகத் தெரிந்தாலும், புள்ளியியல் கணக்கில் தற்செயலுக்கு அப்பாற்பட்டதென்று உறுதிப்படவில்லை. உலக ஒவ்வாமை அமைப்பு 2015இல், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குடும்பங்களுக்கு எக்ஸிமாவைக் கருதி மட்டும், சான்று மிகவும் பலவீனமானது என்ற குறிப்போடு பரிந்துரைத்தது. ஆக, எக்ஸிமாவுக்கு ஐயத்துக்குரிய சிறு பயன். ஆஸ்துமாவுக்கு நிறுவப்படாத ஒன்று. இதற்குத்தான் 'தடுப்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பெயருக்கான அடுத்த போட்டியாளர் நாளிதழ் இணைப்புகளின் செல்லப்பிள்ளையான 'நல்ல பாக்டீரியா'. எளிமையாக இருப்பதால் இதைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் நம் குடலில் இயல்பாகவே வாழ்பவற்றையும் இப்படியே அழைக்கிறோம். புறத்தேயிருந்து எண்ணி அளந்து கொடுப்பதைத் தனியே சுட்ட வழியில்லாமல் போகிறது. மேலும் 'நல்ல' என்பது யாருக்கு, எந்த நோய்க்கு என்று கேட்க இடம் தராத அடைமொழி. ஒரு வகை ஒரு கோளாறுக்கு உதவுவதால் எல்லாவற்றுக்கும் உதவும் என்றாகாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இவையே இரத்தத்தில் கலந்து உயிராபத்தை விளைவிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது. பாக்டீரியா மட்டுமல்லாமல் ஈஸ்ட் வகையும் புரோபயாடிக்காக விற்கிறது என்பதையும் இந்தச் சொல் மறந்துவிடுகிறது.

மூன்றாவதாக 'உயிர்ச்சத்து'. இதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. பாடநூல்களில் வைட்டமினுக்கு நிலைபெற்றுவிட்ட சொல்லை எடுத்து இதற்கு ஒட்டுபவர்கள் அகராதியைத் திறப்பதே இல்லை போலும்.

நான் முன்வைப்பது 'ஊட்டுநுண்ணுயிர்'. குடிநீர் என்பதைப் போல வினைத்தொகை. ஊட்டிய, ஊட்டுகின்ற, ஊட்டும் நுண்ணுயிர் என மூன்று காலத்துக்கும் விரியும். உயிருள்ளது என்பதும், ஒருவர் கொடுக்க இன்னொருவர் பெறுவது என்பதும் சொல்லிலேயே உள்ளன; நன்மையைப் பெயருக்குள் முன்கூட்டியே வழங்கிவிடாமல், அது மெய்ப்பிக்க வேண்டிய ஒன்றாக வெளியே நிற்கிறது. 'புரோ'வின் சார்புப் பொருள் இதில் விடுபடுகிறது என்பார்கள், விடுபடட்டும். பிரிபயாடிக்கை, அதாவது குடல் நுண்ணுயிர்கள் உண்டு செழிக்கும் நார்ப்பொருளை, 'நுண்ணுயிர் உணவு' என்றால் இரண்டும் குழம்பா. தயிர் இதில் சேருமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுத் தயிரில் உயிருள்ளவை நிறைய உண்டு, ஆனால் இன்ன வகை, இத்தனை எண்ணிக்கை என்று அறுதியிட்டு, பயன் காட்டப்பட்டிருந்தால்தான் இப்பெயர் பொருந்தும். பேச்சில் 'புரோபயாடிக்' என்றே சொல்வதிலும் எனக்கு மறுப்பில்லை. தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

பெயர் திருந்தினாலும் மொழிபெயர்ப்பாளர்களின் வினைமுற்று திருந்துமா என்பது ஐயமே. இத்தகைய தாள்களின் ஆங்கில மூலத்தில் 'தடுக்கக்கூடும்' என்ற பொருளில் தயங்கி நிற்பதை, இவர்கள் 'தடுக்கலாம்' என்று பெயர்க்கிறார்கள். தமிழில் 'இதன் மூலம் ஆஸ்துமாவைத் தடுக்கலாம்' என்றால் அது வாய்ப்பைச் சொல்லவில்லை. இயலும், செய்யுங்கள் என்கிறது. எக்ஸிமாவை 'சொறி சிரங்கு' என்று பெயர்ப்பது இன்னும் கொடுமை. சிரங்கு தொற்றக்கூடியது, எக்ஸிமா தொற்றாது. அந்தச் சொல்லை நம்பி வீட்டுப் பெரியவர்கள் குழந்தையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பார்கள். நம் பாட்டிமார் வழங்கிய 'கரப்பான்' கையருகே இருக்கிறது.

அந்த மடிப்புத் தாளை எழுதக் கொடுத்தால் நான் இப்படி எழுதுவேன்: 'இதில் உயிருள்ள ஊட்டுநுண்ணுயிர்கள் உள்ளன. இது தடுப்பூசி அன்று. ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் கரப்பான் வருவதைச் சிறிது குறைக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டின, வேறு சில காட்டவில்லை. ஆஸ்துமாவைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.'