டியூரபிள்: ஈடு நிற்பதும் உழைப்பதும்

குழந்தைக்கு நடைவண்டி வாங்கப் போனாலும் ஊர்ப் பூங்காவுக்கு ஊஞ்சல் வாங்கப் போனாலும், விற்பவர் முதலில் சொல்வது ‘நல்ல டியூரபிள் ஐட்டம்’ என்பதுதான். இதற்குத் தமிழ் கேட்டால் ‘நீடித்து உழைக்கும்’ என்று சட்டென்று வரும். தவறில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இதைவிடச் சிறிய சொல் ஒன்று காதில் விழும். கட்டில் செய்துகொண்டிருக்கும் ஆசாரி, ‘பலா மரமாக்கும் மக்ளே, ஈடு நிக்கும்’ என்பார். அந்த ‘ஈடு’ நமக்கு வேண்டிய சொல். பொருள்களை வடிவமைப்பவர்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

முதலில் வந்த சொல்லைப் பார்ப்போம். டியூரபிள் என்பதன் வேர் லத்தீனில் ‘நீடித்திரு’ என்று பொருள்படும் துராரே என்ற வினை. அதற்கு உறவான துருஸ் என்ற சொல்லுக்குக் ‘கடினமான’ என்பது பொருள். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னாளில் பொருளியல் இதைத் தன் கலைச்சொல்லாக்கிக்கொண்டது. குளிர்பெட்டி, சலவை எந்திரம் போல வழக்கமாக 3 ஆண்டுக்கு மேல் பயன்படுபவை ‘டியூரபிள்’ வகையில் சேரும். மூன்றே ஆண்டு! நம் வீட்டு அம்மிக்குழவி இதைக் கேட்டால் என்ன நினைக்கும்?

ஈடு என்பது ‘இடு’ என்னும் வினையிலிருந்து வந்தது. கெடு கேடாகிறது, சுடு சூடாகிறது, படு பாடாகிறது. அப்படியே இடு முதலெழுத்து நீண்டு ஈடு ஆகிறது. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். இட்டது, வைத்தது என்பதிலிருந்து இதன் பொருள்கள் கிளைத்தன: வலிமை, ஒப்பு, பணயமாக வைத்த பொருள், இழப்புக்கு மாற்று. மலையாளத்தில் உறுதி, நீடித்த உழைப்பு என்ற பொருளில் ஈடு இன்றும் அன்றாடச் சொல். தமிழின் பெரும்பகுதியில் அந்தப் பொருள் பின்னுக்குப் போய், வங்கிக் கடனுக்கு வைக்கும் ஈடும் இழப்பீடும் முன்னுக்கு வந்துவிட்டன. குமரியின் மேற்கில் பழைய பொருள் பிழைத்திருக்கிறது.

இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் இரண்டு வினைகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒன்று ஈடு கொடுத்தல். அடிக்கும், இழுக்கும், தூக்கிப் போடும் பிள்ளையின் வேகத்துக்குத் தாக்குப்பிடிப்பது. மற்றொன்று ஈடு செய்தல். போனதற்கு மாற்று வைப்பது. குடும்பத்துக்கோ ஊருக்கோ செய்யும் பொருளில் இரண்டும் இருக்க வேண்டும். லத்தீன் வேர் கடினத்தோடு நின்றுவிடுகிறது. ஈடு பழுது பார்ப்பதையும் உள்ளே வைத்திருக்கிறது.

ஓணத்துக்கு விளவங்கோட்டு வீடுகளில் மரக்கிளையில் கட்டும் ஊஞ்சலைப் பாருங்கள். பலகை பலாவாக இருந்தால் தலைமுறை தாண்டும். தேய்வது கயிறு. கிளையோடு உராயும் இடத்தில் முதலில் நைந்துபோகும். அதை அவிழ்த்துவிட்டு ஈத்தாமொழிப் பக்கத்துத் தும்புக்கயிறு புதிதாக வாங்கிக் கட்டினால் வேலை முடிந்தது. எது முதலில் தேய வேண்டும், அதை யார் மாற்றலாம் என்பது முன்கூட்டியே தீர்மானமான பொருள் இது. மற்ற நாளில் அதே பலகை உட்காரும் மணையாகிவிடுகிறது. இதோடு பூங்காக்களில் வைக்கும் இரும்பு ஊஞ்சலை ஒப்பிடலாம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் முதலில் அரிப்பது சங்கிலியின் கொக்கி. அதைச் சட்டத்தோடு பற்றவைத்துவிட்டால், ஒரு சிறு கொக்கி போனதும் ஊஞ்சல் முழுதும் முடங்கும். இரும்பு கடினமானது, ஆனாலும் ஈடு இல்லை. மரையாணி போட்டு மாற்றக்கூடிய கொக்கியாக வைத்திருந்தால் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கட்டுமரமும் இப்படித்தான். முட்டத்திலும் குளச்சலிலும் ஃபைபர் வள்ளங்கள் பெருகுவதற்கு முன்பு கடலை ஆண்டது அது. ஆணி இல்லை, மரத்தோடு மரம் கயிற்றால் பிணைத்தது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தலாம், ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம். பெயரிலேயே கட்டுமானமுறை இருக்கிறது: கட்டிய மரம். ஆங்கிலம் அந்தப் பெயரைத் தமிழிலிருந்தே எடுத்துக்கொண்டது.

இனி ‘உழைத்தல்’. செருப்பு ரெண்டு வருசம் உழைத்தது என்கிறோம். பொருளும் மனிதரைப் போலப் பாடுபடுகிறது என்பது தமிழரின் பார்வை. இதனால் நிலைத்தல் வேறு, உழைத்தல் வேறு என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறது. சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் காரின் சக்கரம் ஒரு வாரத்தில் கழன்றுவிடும். அதற்குப் பிறகு அந்தக் கார் எத்தனையோ ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். அது நிலைக்கிறது, உழைக்கவில்லை. நொங்கு வண்டி நேர்மாறு. நொங்கு குடித்துப் போட்ட இரண்டு கூந்தல் (வெறும் பனங்காய்க் கூடு), நடுவே அச்சாக ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவட்டைக் கம்பு. சில நாளில் காய்ந்து சுருங்கும். அதுவரை முற்றமெல்லாம் உழைக்கும். பிறகு மண்ணோடு மண். அடுத்த கோடையில் பனை ஈடு செய்துவிடும். குருத்தோலையில் பின்னிய கிலுக்கும் (கிலுகிலுப்பை) அப்படியே. பிள்ளையே செய்வது, பிள்ளையே பிரித்துப் பார்ப்பது. செய்யும்போதே விளையாட்டு தொடங்கிவிடுகிறது. விளையாட்டுப் பொருளுக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ‘சஸ்டெய்னபிள்’ என்ற சொல்லையும் தொட்டுவிட வேண்டும், இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் அதிகம். அதன் லத்தீன் வேருக்குக் ‘கீழிருந்து தாங்கு’ என்று பொருள். தமிழ்நாட்டில் வளங்குன்றா என்றும், இலங்கைத் தமிழில் பேண்தகு என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நல்ல ஆக்கங்கள். ஈடு ஒரு பொருளின் குணம், வளங்குன்றாமை அது பிறந்து மறையும் முழு வட்டத்தின் குணம். நொங்கு வண்டிக்கு ஈடு குறைவு, ஆனால் வளம் குன்றுவதில்லை. இரண்டும் ஒன்றாய்க் கூடிய பொருளுக்குக் குமரியின் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைக் காட்டலாம். நட்ட கல் இரண்டு, குறுக்கே ஒன்று. தலைச்சுமையை இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கி ஏற்றும் உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. ஒரு குடும்பத்தின் துயரம் ஊருக்கெல்லாம் பயன்படும் பொருளானது அப்படி.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. பெயர்ச்சொல்லாக ஈடு போதும். ‘இந்த மேசைக்கு ஈடு உண்டு’. அடையாக ‘ஈடுள்ள’, வினையாக ‘ஈடு நிற்கும்’. கடன், காப்பீடு பேசும் இடத்தில் இந்தச் சொல் குழப்பும், அங்கே ‘நீடுழைப்பு’ என்று எழுதுங்கள். எதிர்ச்சொல்லாக ‘ஈடற்ற’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அதற்கு நிகரில்லாத என்று பொருளாகி, உடைந்த நாற்காலியைப் புகழ்ந்ததாக முடியும். ‘ஈடு நிற்காத’ அல்லது ‘உழைக்காத’ என்பதே சரி.