உப்புமூட்டை ஏறும் மருந்து: ஒய் போர்ட்டுக்குக் கீழேயும் பாருங்கள்

நான் நர்ஸாகி மூன்றாம் வருடம். நைட் டியூட்டி. வலிப்போடு ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது கிலோ இருப்பார். ஃபெனிடாயின் 1 கிராம், 100 மில்லி நார்மல் சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் போகட்டும் என்று டியூட்டி டாக்டர் எழுதினார். ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது என்று படித்தது நன்றாக நினைவிருந்தது. சலைன் பாட்டிலின் லேபிளை இரண்டு முறை படித்தேன். பத்து ஆம்பியூலையும் எண்ணி உடைத்தேன். கலந்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ட்ரிப்ஸின் போர்ட்டில் (குழாயில் இன்னொரு மருந்தை இணைக்கும் வாய்) இணைத்துத் திறந்துவிட்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

கூப்பிட்டது அந்தப் பையனின் அம்மா. "சிஸ்டர், குழாயில பால் மாதிரி வருதே, அப்படித்தான் வரணுமா?"

ஓடி வந்து பார்த்தேன். சின்ன பாட்டில் தெளிவாக இருந்தது. அதன் குழாயும் தெளிவு. இரண்டு குழாய்களும் சேரும் ஒய் போர்ட்டுக்குக் கீழேதான் வெண்மையாகத் திரிந்திருந்தது. மெயின் லைனில் ஓடியது டிஎன்எஸ், அதாவது டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன். கேஷுவாலிட்டியில் போட்டு அனுப்பியது. நான் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டையும் உடனே மூடினேன். திரிந்த குழாயில் இருந்ததைக் கையிலேற்றித் தள்ளாமல் செட்டை, அதாவது ட்ரிப்ஸ் குழாயை, முழுதாகக் கழற்றினேன். டாக்டர் வந்தார். மறு கையில் புது வென்ஃபிளான் (கையில் குத்தி வைக்கும் சிறு குழாய்), புது செட், சலைன் லைன், முழுக்கக் கண்காணிப்பில் மீதி மருந்து. பையன் பிழைத்துக்கொண்டான். ஒரு தாய் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பினோம். அன்று தொடங்கி இருபது வருடத்துக்கும் மேலாக, என்னிடம் வரும் ஒவ்வொரு ஜூனியரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கீழே என்ன ஓடுது?"

பிக்கிபேக் என்ற சொல்லுக்கு நம்மிடம் அழகான தமிழ் இருக்கிறது, உப்புமூட்டை. ஒருவர் முதுகில் இன்னொருவர் ஏறிப் போவது. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பாட்டிலின் வழியில் 50 அல்லது 100 மில்லி மருந்துப் பாட்டில் ஏறிக்கொள்கிறது. வார்டில் யாரும் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. "ஹண்ட்ரட் எம்எல்ல போட்டு ஓட விடு" என்போம், அவ்வளவுதான். பெயர் சொல்லாததால் இதற்கென்று ஒரு முறை இருப்பதும் பலருக்கு நினைவில் இல்லை. சுமக்கிற ஆள் யார் என்று பார்க்காமல் மூட்டையை ஏற்றிவிடுகிறோம்.

முதலில் உயரம். மருந்து பாட்டில் மேலேயும் மெயின் பாட்டில் ஒரு கொக்கி அளவு கீழேயும் தொங்க வேண்டும். மேலே இருப்பதன் அழுத்தம் அதிகம் என்பதால் அது முதலில் ஓடும், மெயின் நிற்கும். மெயின் குழாயில் பேக் செக் வால்வு, அதாவது திரவத்தை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு, இருந்தால் மருந்து மேல்நோக்கி ஏற முடியாது. மருந்து தீர்ந்ததும் மெயின் தானாக ஓடத் தொடங்கும். புத்தகத்தில் படிப்பது இதைத்தான். ஆனால் நம் வார்டுகளில் கைக்குக் கிடைக்கும் பல சாதாரண செட்களில் அந்த வால்வு இருக்காது. போர்ட்டும் ரோலருக்கு (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்) கீழே, கைக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் மெயினைத் திறந்தே வைத்து மருந்தை உயரத்தில் மாட்டினால், நரம்பில் போக வேண்டிய மருந்தில் ஒரு பங்கு மெயின் பாட்டிலுக்குள் ஏறிவிடும். ஆன்டிபயாடிக் அரை லிட்டர் திரவத்தில் கரைந்து ஐந்தாறு மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பாட்டிலும் சம உயரத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். மருந்து போய்விட்டது என்று கேஸ் ஷீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்திருப்போம்.

வால்வு இல்லாத செட் என்றால் மெயின் ரோலரை மூடிவிட்டுத்தான் மருந்தைத் திறக்க வேண்டும். அப்படி மூடினால் முடிகிற நேரத்துக்கு நாம் அங்கே நிற்க வேண்டும். மருந்து தீர்ந்த பிறகு மெயினைத் திறக்க ஆள் இல்லையென்றால் ரத்தம் குழாயில் பின்னேறி வென்ஃபிளான் அடைத்துவிடும். வால்வு உள்ள செட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. வேகத்தைக் கட்டுப்படுத்துவது மெயின் ரோலர் என்பதால், மருந்துக்காக வைத்த வேகத்திலேயே மெயின் பாட்டிலும் தொடர்ந்து ஓடும். இதய நோயாளிக்கு அது அரை மணி நேரத்தில் மூச்சுத்திணறலாகத் தெரியும். பம்ப் இருந்தால் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். செகண்டரி வேகத்தைப் பம்பில் அமைத்துவிட்டுச் செகண்டரி கிளாம்பைத் திறக்க மறந்தால், பம்ப் அதே வேகத்தில் மெயின் திரவத்தை இழுத்து அனுப்பிவிட்டு "முடிந்தது" என்று காட்டும். மருந்து பாட்டில் நிறைந்தபடியே தொங்கும். திறந்ததும் சேம்பரில் சொட்டு விழுகிறதா என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

அடுத்தது மருந்தும் மருந்தும் சந்திக்கும் இடம். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் மருந்து. அறுவை சிகிச்சை முடிந்து வருகிற நோயாளிக்கு ஆர்எல், அதாவது ரிங்கர் லாக்டேட் திரவம், ஓடிக்கொண்டிருக்கும். ஆர்எல்லில் கால்சியம் இருக்கிறது. கால்சியமும் செஃப்ட்ரியாக்ஸோனும் சேர்ந்தால் படிவு உண்டாகும். பச்சிளங்குழந்தைகளில் அந்தப் படிவு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கி உயிரிழப்பு நேர்ந்ததை அடுத்து, 2007-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால்சியம் உள்ள திரவம் போகிறதென்றால் இந்த மருந்தே கூடாது. பெரியவர்களுக்கும் இரண்டும் ஒரே நேரத்தில், ஒய் போர்ட் வழியாகக்கூட, ஓடக் கூடாது. ஆர்எல்லை நிறுத்தி, சலைனால் லைனைக் கழுவி, மருந்தைக் கொடுத்து, திரும்பக் கழுவி, பிறகே ஆர்எல். நான்கு படி. நாம் செய்வது பெரும்பாலும் ஒரு படி.

சலைனால் கழுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் ஆபத்தான பழக்கம். 2021-ல் கருப்புப் பூஞ்சை நோயாளிகள் வார்டை நிறைத்தபோது, அதுவரை ஆம்போடெரிசினைத் தொட்டே பார்க்காத நர்ஸுகள் தினம் அதைக் கலக்க வேண்டியிருந்தது. அது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டும் போக வேண்டிய மருந்து. சலைன் பட்டால் திரிந்துவிடும். கழுவுவதும் டெக்ஸ்ட்ரோஸில்தான். ஃபெனிடாயினுக்கு நேர் எதிர். எங்கள் மருந்து டிராலியின் உள்பக்கத்தில், டெக்ஸ்ட்ரோஸ் ஆகாதவை, சலைன் ஆகாதவை, கால்சியத்தோடு ஆகாதவை, தனி லைன் கேட்பவை என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறோம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறேன். தினம் போடுவதாலேயே அதை யாரும் சந்தேகிப்பதில்லை, ஆனால் அதோடு ஒத்துப்போகாத மருந்துகள் நிறைய. தூக்க மருந்தான மிடசோலம் அதில் ஒன்று. பட்டியலில் இல்லாத மருந்து வந்தால் ஃபார்மஸிஸ்டுக்குப் போன் செய்யுங்கள். தெரியாது என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

ஐசியூவில் இன்னொரு வகை ஆபத்து உண்டு. இதை விளக்க நான் எப்போதும் கணக்குப் போட்டுக் காட்டுவேன். பிபியை ஏற்றிப் பிடிக்கும் நார்அட்ரினலின் 4 மில்லிகிராம் 50 மில்லியில், மணிக்கு 5 மில்லி ஓடுகிறது என்று வையுங்கள். 1 மில்லி போக 12 நிமிடம் ஆகும். அந்த லைனின் போர்ட்டில் ஒரு ஆன்டிபயாடிக்கை இணைத்து வேகமாகத் திறந்தால், போர்ட்டுக்குக் கீழே நின்றிருந்த 1 மில்லி சில நொடியில் உள்ளே போகிறது. 12 நிமிட மருந்து ஒரே மூச்சில். பிபி எகிறும். அடுத்து அந்த இடத்தை ஆன்டிபயாடிக் நிரப்பிக்கொள்வதால் நார்அட்ரினலின் போய்ச்சேரத் தாமதமாகும், பிபி விழும். "திடீர்னு ஏறி இறங்குது சார்" என்று டாக்டரைக் கூப்பிடுவோம், காரணம் நம் கையிலேயே இருந்திருக்கும். பிபி மருந்து ஓடும் லைனில் உப்புமூட்டை ஏற்றவே கூடாது. இன்சுலின் லைனுக்கும் இதே விதி. தனி வழி இல்லையென்றால் இன்னொரு வென்ஃபிளான் கேளுங்கள்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது சொட்டுக் கணக்கை விட நோயாளியின் வீட்டாரைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். கணக்கு எளிது: மில்லியைச் செட்டின் சொட்டு எண்ணால் பெருக்கி நிமிடத்தால் வகுக்க வேண்டும். நாம் பயன்படுத்தும் மேக்ரோ செட் பெரும்பாலும் மில்லிக்கு 20 சொட்டு, மைக்ரோ 60. உறையில் அச்சிட்டிருக்கும், பாருங்கள். வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆக 1 கிராமுக்கு 100 நிமிடம். 200 மில்லியில் கலந்தால் நிமிடத்துக்கு 40 சொட்டு. அதை எண்ணி வைத்துவிட்டு ஒருமுறை நான் ரிப்போர்ட் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது பெரியவருக்கு முகம், கழுத்து, நெஞ்செல்லாம் சிவந்து அரிப்பு. பாட்டில் ஏறக்குறையக் காலி. மகன்தான் ரோலரைத் திறந்திருந்தார். "அப்பா ரொம்ப நேரமா பாத்ரூம் போகணும்னாரு சிஸ்டர், சீக்கிரம் முடியட்டும்னு..."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ட்ரிப்ஸ் வேகமாக ஏறினால் சீக்கிரம் தெம்பு வரும் என்று நம்புகிற ஊர் இது. அதற்கு மாற்றாக நான் ஒன்றும் சொல்லாமல் போனது என் தவறு. இப்போது திறப்பதற்கு முன்பே, "அய்யா, இந்த மருந்து ஒண்ணே முக்கால் மணி நேரம் போகும். பாத்ரூம் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துருங்க. இந்தச் சக்கரத்தை யாரும் தொடாதீங்க, வேகமாப் போனா உடம்பு சிவந்து பிரஷர் இறங்கிரும்" என்று சொல்லிவிடுகிறேன். காரணம் சொன்னால் கேட்கிறார்கள். பொட்டாசியம் மட்டும் விதிவிலக்கு. 20 மில்லிஈக்விவலன்ட் கலந்த 100 மில்லி பாட்டிலை யாராவது திறந்துவிட்டால் இதயம் நின்றுவிடும். அதற்கு அறிவுரை போதாது, பம்ப் வேண்டும், மானிட்டர் வேண்டும்.

டெஸ்ட் டோஸ் போட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்று ஆன்டிபயாடிக்கைத் திறந்துவிட்டு நகர்கிறவர்களுக்கு: தோலில் தடிக்கவில்லை என்பது உள்ளே ஒவ்வாமை வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் டோஸாக இருந்தால் முதல் பத்து நிமிடம் கட்டில் பக்கத்திலேயே வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், பிபி விழுந்தால் மருந்தை நிறுத்தி, குரல் கொடுத்து ஆளைக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். மற்ற ஒவ்வாமை மருந்துகளான அவிலையும் ஹைட்ரோகார்டிசோனையும் தேடிக்கொண்டு அட்ரினலினைத் தாமதிக்காதீர்கள். வென்ஃபிளானைப் பிடுங்கவும் வேண்டாம், அது உயிர் காக்கும் வழி. மருந்து நின்ற குழாயை மட்டும் மாற்றிப் புது செட்டில் சலைன் மாட்டுங்கள்.

சில வேலைகளைப் பழக்கத்தால் தவறாகவே செய்துகொண்டிருக்கிறோம். ரப்பர் போர்ட்டில் ஊசியைக் குத்திப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவது: கையில் குத்தும், ரப்பர் ஓட்டையாகி ஒழுகும். த்ரீ-வே அல்லது ஊசியில்லா கனெக்டர் கேட்டு வாங்குங்கள். காற்று போகட்டும் என்று பாட்டில் தலையில் ஊசி குத்துவதும் வேண்டாம், வார்டு காற்று அப்படியே உள்ளே போகும். போர்ட்டை ஆல்கஹாலால் 15 நொடி தேய்த்துக் காயவிட்டு இணையுங்கள். பாட்டில்மேல் மார்க்கரால் எழுதாமல் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுங்கள்: மருந்து, அளவு, எதில் கலந்தது, தொடங்கிய நேரம், உங்கள் பெயர். விட்டுவிட்டுப் பயன்படும் செகண்டரி செட்டை 24 மணி நேரத்தில் மாற்றுங்கள். அதன் முனை மூடியில்லாமல் ஸ்டாண்டில் தொங்கக் கூடாது.

கடைசியாக, பாட்டில் காலியானதும் மருந்து முடிந்ததாக நினைக்கிறோமே, அந்த நேரம். ஒரு செட்டுக்குள் ஏறக்குறைய 15 முதல் 20 மில்லி நிற்கும். 100 மில்லி மருந்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வருகிறது. பாட்டில் தீர்ந்தவுடன் செட்டோடு கழற்றிக் குப்பையில் போட்டால், ஒவ்வொரு டோஸிலும் அவ்வளவு ஆன்டிபயாடிக் குப்பைக்குப் போகிறது. செப்சிஸ் நோயாளிக்கு "மருந்து கேட்கவில்லை" என்று அடுத்த உயர்ந்த மருந்துக்குத் தாவும்போது, முந்தையது முழுதாகப் போனதா என்று யாரும் கேட்பதில்லை. ஒத்துப்போகும் திரவம் 20 மில்லியை அதே பாட்டில் வழியாக, மருந்துக்கு வைத்த அதே வேகத்தில் விட்டுக் குழாயைக் கழுவி முடியுங்கள். வால்வு உள்ள செட்டில், மெயின் திரவம் ஒத்துப்போகுமென்றால், மருந்து பாட்டிலை மெயினுக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் போதும். மெயின் திரவம் குழாயில் பின்னேறி நிரம்பும், திரும்ப உயர்த்தினால் மிச்சம் உள்ளே போகும். திரவக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு இந்த 20 மில்லியையும் இன்டேக் சார்ட்டில் எழுதுங்கள்.

ஹேண்டோவரின்போது நான் கேஸ் ஷீட்டை மட்டும் வாங்குவதில்லை. புதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன். பாட்டிலில் கை வைத்து, குழாய் வழியே விரலை இறக்கி, போர்ட்டில் நிறுத்தி, வென்ஃபிளான் வரை தொட்டுப் போவேன். கை வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, வலிக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். போன வாரம் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் சொன்னாள்: "மேல செஃப்ட்ரியாக்ஸோன் வெச்சிருக்கேன் அக்கா, இன்னும் திறக்கல. கீழ ஆர்எல் ஓடிட்டிருந்துச்சு. நிறுத்தி, சலைன்ல கழுவிட்டேன். நீங்களும் ஒரு தடவை பாத்துருங்க, அப்புறம் திறக்குறேன்."