பிளேடு ஏன் மேடு தேடி ஏறுகிறது?

பேண்ட்சா என்ற பட்டை ரம்ப இயந்திரத்தில் மரம் அறுக்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். புது பிளேடு மாட்டியும் வெட்டு கோட்டை விட்டு இடது பக்கமாகவே இழுக்கிறது, என்ன செய்வது? இது முதலாவது. இரண்டாவதைப் போகிறபோக்கில் கேட்டிருந்தார்: சக்கரத்தின் ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லையே, பிளேடு ஏன் கழன்று விழுவதில்லை? எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அதைப் புரிந்துகொண்டால் முதலாவதற்குப் பாதி விடை கைக்கு வந்துவிடும்.

மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. இயந்திரம் அவ்வளவுதான். இந்த யோசனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் பட்டையின் இரு முனைகளையும் சேர்த்த இடம் தாங்கவில்லை, அறுந்துகொண்டே இருந்தது. பாரிஸைச் சேர்ந்த ஆன் போலின் கிரெபான் என்ற பெண்மணி 1846இல் அதற்கு ஒரு பற்றவைப்பு முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் பேண்ட்சா பட்டறைக்குள் வந்தது. அந்த இணைப்பு படும் பாட்டைப் பாருங்கள். 2.7 மீட்டர் நீள பிளேடு நிமிடத்துக்கு 900 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வொரு புள்ளியும் நிமிடத்துக்கு அறுநூறு தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது.

சரி, இவ்வளவு வேகத்தில் ஓடுவது ஏன் நழுவுவதில்லை? சக்கரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் டயரை விரலால் குறுக்கே தடவிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் அது தட்டையாக இருக்காது. நடுவில் மெல்லிய மேடு, இரண்டு பக்கமும் சரிவு. பிளேடு அந்த மேட்டின் உச்சியைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இழுத்துக் கட்டிய பட்டை சரிவில் வழுக்கிக் கீழேதானே வர வேண்டும் என்று நம் மனசு சொல்லும். நடப்பது நேர்மாறு.

வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும் ஒரு காகிதக் கப்பை எடுங்கள். விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டை நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். துண்டின் ஒரு முனையைக் கப்பின் நடுவில் நேர்க்குறுக்காக ஒட்டிவிட்டு, சுருக்கம் விழாமல், தானாகப் போகும் வழியில் சுற்றுங்கள். பாதிச் சுற்று முடிவதற்குள் துண்டு அகலமான வாய்ப் பக்கம் ஒரு விரற்கடை ஏறியிருக்கும். நீங்கள் ஏற்றவில்லை. நேரான பட்டையைக் கூம்பின் மேல் படியவைத்தால் அதற்கு வேறு வழியே கிடையாது.

டயரின் மேடு என்பது முதுகோடு முதுகு ஒட்டவைத்த இரண்டு கூம்புகள்தான். பிளேடு முன்சரிவில் இருந்தால், அடுத்து வந்து படியும் துணுக்கு முந்தையதைவிட ஒரு மயிரிழை உச்சிப் பக்கமாக விழும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். உச்சியைத் தாண்டிவிட்டால் பின்சரிவு அதே வேலையைச் செய்து திருப்பி அனுப்பும். கண்ணும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, உருவமே காவல் காக்கிறது! பல வருஷம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. பள்ளியில் கப்பிக் கணக்கு எத்தனையோ போட்டோம், பட்டை கப்பியின் மேல் ஏன் நிற்கிறது என்று ஒரு தடவைகூடப் பேசவில்லை. அந்த வகுப்பில் ஒரு காகிதக் கப் இருந்திருக்க வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு: பிடிமானம். பிளேடு டயரில் வழுக்கினால் ஏறாது, சறுக்கிவிடும். டயரில் மரத்தூளும் பிசினும் படிந்தால் மேட்டின் உருவமே மாறிவிடும். ஒருமுறை என் இயந்திரம் மணிக்கணக்கில் பாடுபடுத்தியது. மரத்தை ஒட்டி நகர்த்த மேசையில் இருக்கும் நேர்த்தடுப்பான ஃபென்ஸைத் திருப்பினேன், பிளேடின் இறுக்கமான டென்ஷனை ஏற்றினேன், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கீழ்ச் சக்கரத்தின் கதவைத் திறந்து பார்த்தால், டயரின் பின்பாதியில் தூள் இறுகி வரப்பு போல நீண்டிருந்தது. மரச்சில்லால் சுரண்டி எடுத்தேன். அடுத்த வெட்டு கோட்டிலேயே போனது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். உச்சியில் உட்கார்ந்த பிளேடு நேராக முன்னோக்கிப் பார்க்கும். மேல் சக்கரத்தின் சாய்வு சரியில்லாமல் கொஞ்சம் முன்சரிவிலோ பின்சரிவிலோ உட்கார்ந்தால், அந்தச் சரிவின் சாய்மானத்தைத் தானும் வாங்கிக்கொண்டு சற்று இடமாகவோ வலமாகவோ திரும்பி நிற்கும். வெட்டு பக்கவாட்டில் இழுக்க இது ஒரு முக்கியக் காரணம். ‘ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு குணம், அதற்கேற்ப ஃபென்ஸைத் திருப்பு’ என்பார்கள். ஒரு பக்கப் பற்கள் ஆணியில் பட்டு மழுங்கியிருந்தால் அது உண்மைதான், வெட்டு கூரான பக்கமாக இழுக்கும். ஆனால் புது பிளேடும் இழுக்கிறது என்றால் குணத்தின் மேல் பழி போடாமல் சக்கரத்தைப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளேடு பக்கவாட்டிலும் பின்னாலும் விலகாமல் தாங்கும் கைடுகளை எல்லாம் பின்னால் தள்ளுங்கள். டயரைத் துடைத்து, டென்ஷன் கொடுங்கள். அளவு தெரியவில்லையா? பிளேடு லேசாக விறைத்ததும் வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைகளையும் 125 மி.மீ. இடைவெளியில் பிளேடோடு கவ்வவையுங்கள். பிறகு டென்ஷனை ஏற்ற ஏற்ற இடைவெளி 0.06 மி.மீ. கூடினால், பிளேடில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ இழுவிசை ஏறியிருக்கிறது. சாதாரண கார்பன் எஃகு பிளேடுக்குத் தொடக்கமாக இது போதும். அவ்வளவு கெட்டியான எஃகு கண்ணெதிரே நீள்வதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம்.

அப்புறம் மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, அதைச் சாய்க்கும் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். இரண்டு பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் அடி டயரின் நடுக்கோட்டுக்கு வரட்டும். ஒரு பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் கையாலேயே கோட்டின் மேல் அறுத்துப் பாருங்கள். கோட்டில் நிற்கப் பலகையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தால் பிளேடு இன்னும் திரும்பித்தான் நிற்கிறது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, மறுபடி கால் சுற்று, மறுபடி வெட்டு.

நேராக வந்த பிறகுதான் கைடுகளைக் கிட்டே கொண்டுவர வேண்டும். பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு காகிதத்தாள் கனம் இடைவெளி போதும். பின்னால் இருக்கும் பேரிங், இயந்திரம் சும்மா ஓடும்போது அசையாமல் நின்று, மரம் பிளேடைத் தள்ளும்போது மட்டும் சுழல வேண்டும்.