மதியம் மூன்று மணிக்குக் களி ஏன் கல்லாகிறது?

தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்துச் சின்ன மெஸ்களில் கேழ்வரகுக் களி சாப்பிட நினைப்பவர்கள் ஒன்றரை மணிக்குள் போய்விடுவார்கள். மூன்று மணிக்குப் போனால், "களி கெட்டியாயிடுச்சுண்ணா, சாப்பாடு போடட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். மாவும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் உருண்டைக்குள் என்ன நடந்தது?

கேழ்வரகு மாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக இருக்கிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு வகை நீண்ட மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்: நேராக ஓடும் அமைலோஸ், கிளை விட்டுப் பரவும் அமைலோபெக்டின். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் இந்த அடுக்கு கலையாது. மாவு கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும். வெப்பம் ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அடுக்கு தளர்ந்து தண்ணீர் உள்ளே புகும். மணிகள் ஊதும், அமைலோஸ் வெளியே கசியும், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கூழாகும். தண்ணீர் தாராளமாக இருந்தால் கஞ்சி. தண்ணீர் குறைவாக இருந்தால் மணிகள் முழுவதும் ஊத முடியாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதுதான் களி.

தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை பற்றிக் கவலை வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம். களிக்கு அந்தச் சூடு தாராளம்.

கஷ்டமெல்லாம் கட்டி விழாமல் கிண்டுவதில்தான். மாவைக் கொதிநீரில் நேராகக் கொட்டிக் கலக்கினால், ஒவ்வொரு சிறு திரளின் வெளிப்புறமும் சட்டென்று வெந்து தோல் கட்டிக்கொள்ளும். அந்தத் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. அதனால்தான் கட்டியை உடைத்தால் நடுவில் உலர்ந்த பச்சை மாவு உதிர்கிறது. மெஸ் அண்டாவில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நொய் வெந்துகொண்டிருக்கும் உலையில் முதலில் கொஞ்சம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். பச்சைத் தண்ணீரில் மணிகள் ஊதாது, அதனால் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கட்டி விழ வழியில்லை. உலை கெட்டிப்பட்ட பிறகு மிச்ச மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி வைத்துவிடுவார்கள். உடனே கிண்ட மாட்டார்கள். அந்தக் குழி வழியாகக் கொதிநீரும் ஆவியும் மேலேறிக் குவியலை நனைக்கும், சூடாக்கும்.

அப்புறம்தான் கிண்டல். அதுவும் லேசாக அல்ல, ஆள் குனிந்து, அண்டா நகராமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, முழுப் பலத்தோடு. இங்கே கெட்டித்தன்மையே உதவிக்கு வருகிறது. நீர்த்த கஞ்சியில் கட்டிகள் துடுப்புக்கு நழுவி ஓடிவிடும். கெட்டியான களியில் ஓட இடமில்லை. துடுப்புக்கும் அண்டாச் சுவருக்கும் நடுவில் நசுங்கித்தான் ஆக வேண்டும்.

கோதுமையில் இருக்கும் குளூட்டன் கேழ்வரகில் இல்லை. பரோட்டா மாவை இழுத்து வீச முடிவதற்குக் காரணம் அந்தப் புரத வலை. களி உருண்டையைச் சேர்த்துப் பிடித்திருப்பது வெந்த மாவுச்சத்து மட்டும்தான். அது கையிலும் ஒட்டும் என்பதால் உருட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் கையை நனைத்துக்கொள்கிறார். மெல்லிய நீர்ப்படலம் நடுவில் இருந்தால் ஒட்டாது.

இனி மூன்று மணிக் கதை. களி ஆற ஆற, பின்னிக் கிடந்த மூலக்கூறுகள் மறுபடியும் வரிசை கட்டத் தொடங்கும். அமைலோஸ் சில மணி நேரத்திலேயே ஒன்றோடொன்று இறுகிப் படிகமாகும். அமைலோபெக்டின் நாள் கணக்கில் மெதுவாகத் தொடரும். பிடித்து வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் வெளியே தள்ளப்படும். உருண்டை இறுகுவது இதனால்தான். இது வேகமாக நடப்பது ஃபிரிட்ஜ் குளிரில். ஆகவே மிச்சக் களியை ஃபிரிட்ஜில் வைப்பது, அதன் மென்மையைப் பொறுத்தவரை, மோசமான யோசனை. மறுபடி ஆவியில் வைத்தால் அமைலோபெக்டின் படிகங்கள் இளகும். அமைலோஸ் படிகங்கள் இளக 100 டிகிரிக்கு மேல் வேண்டும், அது ஆவிச் சட்டியில் கிடைக்காது. சூடு பண்ணிய களி பழைய பதத்துக்குத் திரும்பாததற்குக் காரணம் இதுதான். தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பதே புத்திசாலித்தனம். அப்படி இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது.

களியை மெல்லாமல் விழுங்குவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். 1986இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், சோறு, உருளைக்கிழங்கு, ஆப்பிள், மக்காச்சோளம் ஆகியவற்றை மெல்லாமல் விழுங்கியபோது ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. துண்டு பெரிதாக இருந்தால் செரிமான நொதிகள் தொடும் பரப்பு குறைவு. களியை அவர்கள் சோதிக்கவில்லை, ஆனால் அதே காரணம் இங்கும் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது.

அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் களியைக் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்பது சுத்தப் பிதற்றல். கேழ்வரகில் உள்ள மாவுச்சத்து அரிசியைவிடப் பெரிதாகக் குறைந்ததல்ல. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கேழ்வரகுத் தானியம் மிகச் சிறியது, தோல் உள்பகுதியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அரிசியைப் போலத் தீட்ட முடியாது, தோலோடு சேர்த்தே அரைக்கிறோம். நார்ச்சத்தும், 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவிலான கால்சியமும், அந்தப் பழுப்பு நிறத்தைத் தரும் பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களும் அப்படித்தான் தட்டுக்கு வருகின்றன. இந்தப் பாலிஃபீனால்கள் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளின் வேகத்தைக் கொஞ்சம் தடுக்கின்றன.

மிச்ச வேலை குழம்பினுடையது. கீரைக் கடையலோ கருவாட்டுக் குழம்போ தொட்டால் உருண்டை தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. குழம்பில் உள்ள புரதமும் எண்ணெயும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரையும் நிதானமாக ஏறும். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு உருண்டை வாங்கினால் அந்தக் கணக்கு அடிபட்டுப்போகும்.