ராட்போர்னின் வலது கை: 1884-இல் ஒரு தோள் எப்படித் தாங்கியது?

1884 ஜூலை 22 அன்று அமெரிக்காவின் பிராவிடன்ஸ் கிரேஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) சார்லி ஸ்வீனி, மேலாளர் ஃபிராங்க் பான்கிராஃப்டின் பேச்சைக் கேட்க மறுத்து ஆட்டத்தின் நடுவிலேயே களத்தை விட்டு வெளியேறினார். அணியின் இன்னொரு பெரிய பிட்சர் சார்லஸ் ராட்போர்ன் ஏற்கெனவே தண்டனையில் வெளியே உட்கார வைக்கப்பட்டிருந்தார். அணியையே கலைத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. அப்போதுதான் ராட்போர்ன் முன்வந்தார்: சம்பளத்தைக் கூட்டுங்கள், சீசன் முடிந்ததும் என்னை விடுவியுங்கள், மீதி ஆட்டங்களை நான் வீசித் தருகிறேன்.

சொன்னதைச் செய்தார். அன்றிலிருந்து, நேஷனல் லீக்கின் முதலிடமான பென்னன்ட் கிரேஸுக்கு உறுதியான செப்டம்பர் 24 வரை, அணி ஆடியது 43 ஆட்டங்கள். அவற்றில் 40-ஐத் தொடங்கியவர் ராட்போர்ன், வென்றது 36. சீசன் முழுவதும் அவர் தொடங்கிய 73 ஆட்டங்களையும் அவரே கடைசிவரை வீசி முடித்தார். மொத்தம் 678 இன்னிங்ஸுக்கு மேல் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்). இன்றைய பிட்சர் ஒருவர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் வீசினாலே பெரிய விஷயம். அவருடைய வெற்றிகள் 59-ஆ, 60-ஆ என்று கணக்கெடுப்பவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கை எப்படித் தாங்கியது என்பதுதான்.

பந்து வீசும் சக்தி கையில் பிறப்பதில்லை. கால் தரையை உந்துகிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் மார்பு திரும்புகிறது, கை கடைசியாகத்தான் வருகிறது. உடல் முன்னே போக, முன்கையும் பந்தும் பின்தங்கி நிற்கும் அந்தக் கணத்தில் தோள் பின்பக்கமாக முறுகி, அதன் தசைநாண்களிலும் (தசையை எலும்போடு கட்டுபவை) தசைநார்களிலும் (எலும்பை எலும்போடு கட்டுபவை) மீள்சக்தி சேர்கிறது. பிறகு அது விடுபடும்போது மேல்கை சுழலும் வேகம் நொடிக்கு 7,000 பாகைக்கு மேல் போகும். மனித உடலில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

இதற்கான விலையை முழங்கை கொடுக்கிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் கையை நீட்டி வீசுவதால் சுமையில் பெரும்பகுதி முதுகின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது. பேஸ்பாலில் முழங்கை மடங்கி இருக்கிறது. பின்தங்கும் முன்கை, முழங்கையின் உட்புறத்தைப் பிளக்கப் பார்க்கிறது. வேகமாக வீசும்போது அங்கே வரும் முறுக்குவிசை ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர். அந்த இடத்துத் தசைநார் தனியாகத் தாங்கக்கூடியதோ அதில் பாதி அளவுதான். மீதியை முன்கைத் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. தசை களைத்தால் சுமை தசைநார் மேல் இறங்கும். களைத்த கையோடு வீசுவது ஆபத்தாவது இதனால்தான். அறுந்த தசைநாரை மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையே 1974-இல்தான் வந்தது.

சரி, ராட்போர்ன் எப்படித் தப்பினார்? அந்தக் காலத்து விதிகளில் பாதி விடை இருக்கிறது. பிட்சர் நிற்கும் கட்டத்தின் முன்கோடு மட்டையாளரிடமிருந்து 50 அடியில்தான் இருந்தது. கட்டத்துக்குள் ஓரிரு அடி எடுத்துவைத்து வீசலாம். பந்து குறைந்த தூரம் போனால், குறைந்த வேகத்திலேயே மட்டையாளரின் நேரத்தைப் பறித்துவிடலாம். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே பந்துக்குத் தரவேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆயிரக்கணக்கான வீச்சுகளில் இந்தச் சேமிப்பு சின்னது அல்ல. அப்புறம், ஒரே பந்தை வைத்து நெடுநேரம் ஆடுவார்கள்; அடிபட்டு அடிபட்டு அது மென்மையாகி தூரமாகப் பறக்காது. ஒவ்வொரு பந்தையும் முழுவேகத்தில் வீச வேண்டிய கட்டாயம் பிட்சருக்கு இல்லை. அதோடு ராட்போர்ன் பந்தை நினைத்த இடத்தில் போடுவதற்கும் வீச்சை மாற்றி மாற்றி ஏமாற்றுவதற்கும் பேர்போனவர்.

ஆனால் விதிகளை மட்டும் காட்டி அவர் செய்ததைச் சிறிதாக்குவது அநியாயம். தலை வாரக்கூட வலது கையைத் தூக்க முடியாத அளவுக்கு வலி இருந்ததாகச் சொல்வார்கள். ஆட்ட நாளில் மற்றவர்களுக்கு வெகு முன்பே மைதானத்துக்கு வந்து, முதலில் சில அடி தூரத்துக்கு மட்டும் மெதுவாகப் பந்தைப் போடுவாராம். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் வெளிக்களத்திலிருந்தே வீசிப் பார்ப்பாராம். இன்றைய உடற்பயிற்சி அறிவியல் இதை அப்படியே ஒத்துக்கொள்ளும். வேலை செய்யும் தசை சூடாகிறது. சூடான தசை சீக்கிரம் சுருங்குகிறது, நரம்புச் சமிக்ஞை விரைவாக ஓடுகிறது, தசைநாண்களின் விறைப்பு தளர்கிறது. உடல் அசையும்போது வலியுணர்வும் சற்று மங்கும். வலி மங்கியதே தவிர, திசுக்களில் விழுந்த நுண்கிழிசல்கள் ஆறிவிடவில்லை. அவை ஆற ஓய்வு வேண்டும். அதைத்தான் அவருக்குக் கொடுக்க ஆளில்லை.

கிரேஸ் 84 வெற்றி, 28 தோல்வியோடு முடித்தது. அக்டோபரில், இன்னொரு லீக்கில் முதலிடம் பிடித்த நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியோடு அடுத்தடுத்து மூன்று நாள் ஆடிய மூன்று ஆட்டங்களையும் ராட்போர்னே வீசி வென்றார். மறு ஆண்டு அவர் கணக்கில் 28 வெற்றிகள், 21 தோல்விகள். 1893-இல் பிட்சரின் தூரம் 60 அடி 6 அங்குலமானது. அன்று முதல் பிட்சர் ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.