அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

2024 ஜனவரியில் வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமிகள் மூன்று பேர், பி.டி.எஸ். இசைக்குழுவைப் பார்க்கக் கொரியாவுக்குப் போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். கையில் இருந்தது சுமார் 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவது அவர்கள் திட்டம். சென்னை வரை போனவர்கள், திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை வழங்குவது என் தொழில். அந்தச் செய்திக்குப் பிறகு என்னைத் தேடி வந்த பெற்றோர் பலரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது. "எங்க பொண்ணும் எந்நேரமும் அதே பாட்டுதான் மேடம். இவளும் கிளம்பிருவாளோ?" சிலர் அதற்குள் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கிழித்துவிட்டு, போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

எனக்கு அந்தச் செய்தியில் உறுத்திய விஷயம் வேறு. அந்தச் சமயத்தில் பி.டி.எஸ். குழுவின் ஏழு பேருமே தங்கள் நாட்டின் கட்டாய ராணுவக் கடமையைச் செய்துகொண்டிருந்தார்கள். கடைசி நான்கு பேர் 2023 டிசம்பரில் சேர்ந்திருந்தார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலுக்கே போய் இறங்கியிருந்தாலும் அந்தச் சிறுமிகள் யாரையும் பார்த்திருக்க முடியாது. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் என்னிடம் வரும் வீடுகள் பலவற்றில், "அவங்கதான் இப்ப ராணுவத்துல இருக்காங்களே, போய் யாரைப் பார்ப்ப?" என்று பிள்ளையிடம் கேட்கிற அளவுக்கு விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர்கூட இல்லை. கொரியப் பாட்டும் தொடரும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று நான் நினைக்கவில்லை. அவற்றைக் கேலி செய்கிற வீட்டில் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறதே, அதைத்தான் நான் ஆபத்தாகப் பார்க்கிறேன்.

ரசிகராக இருப்பது நமக்குப் புதிதா என்ன? கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்த ஊர் இது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது துக்கம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. முதல் நாள் முதல் காட்சிக்காக விடியும் முன்பே தியேட்டர் வாசலில் நின்ற அப்பாக்கள்தான் இன்று என் எதிரில் உட்கார்ந்து, "ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல, இதுங்களைப் போய்..." என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளின் முகம் அந்த நொடியில் சுருங்கிப் போவதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது பெரும்பாடு.

கொரியத் தொடர்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழில் டப்பிங் செய்து ஒளிபரப்பியபோது அம்மாக்களும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்த்தார்கள். பிறகு ஊரடங்குக் காலம் வந்தது. பள்ளி இல்லை, தோழிகள் இல்லை, கையில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிக் கொடுத்த போன் மட்டும் இருந்தது. தனிமையில் கிடந்த பல பிள்ளைகளுக்கு அந்தப் பாடல்களும், அவற்றைக் கேட்கும் மற்ற ரசிகர்களும்தான் துணையாக இருந்தார்கள். "உன்னை நீ நேசி" என்று பி.டி.எஸ். குழு யுனிசெஃப் அமைப்போடு சேர்ந்து 2017-இல் இயக்கமே தொடங்கியது. மார்க்கை மட்டுமே வைத்து எடை போடப்படுகிற பிள்ளைக்கு அந்த வாசகம் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே சமயம், இந்தக் கொரிய இசைத் துறை எப்படி இயங்குகிறது என்பது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரையில் தெரிகிறவர் நமக்கு நெருக்கமானவர் என்று தோன்றும் உணர்வைப் பற்றி, தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்திலேயே, 1956-இல், ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. இருந்தும் உறவுபோலவே மனம் அதை எடுத்துக்கொள்ளும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். சீரியல் மருமகளுக்காக அழுகிற பாட்டிக்கும் நடக்கிறது. இன்று மாறியிருப்பது, அந்த உணர்வை மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள் என்பது. பபிள் என்ற செயலியை ஒரு மாணவி எனக்குத் திறந்து காட்டினாள். வாட்ஸ்அப்பில் தோழி அனுப்புவதுபோல, "சாப்பிட்டியா?" என்று அவளுடைய செல்லப் பெயரைச் சொல்லி ஒரு பாடகரிடமிருந்து செய்தி வந்திருந்தது. அவர் ஒரே ஒருமுறைதான் தட்டச்சு செய்திருப்பார். சந்தா கட்டிய ஒவ்வொருவருடைய திரையிலும் அவரவர் பெயரைச் செயலியே பொருத்திக்கொள்ளும். "இது தெரியும் மேம்" என்றாள் அவள். "தெரிஞ்சாலும் நல்லாத்தான் இருக்கு." இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தெரியாமல், தனக்கே வந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

ஆல்பங்களும் அப்படித்தான். ஒரே ஆல்பம் பல அட்டைகளில் வரும். உள்ளே இருக்கும் போட்டோகார்டில், அதாவது குழுவில் ஒருவரின் படம் அச்சிட்ட சின்ன அட்டையில், யார் முகம் இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். பிடித்தவர் வரும்வரை வாங்கத் தோன்றும். பாடகர்களை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கும் நிகழ்ச்சிக்கான குலுக்கலில் கூடுதல் ஆல்பம் வாங்கியவருக்கு வாய்ப்பும் கூடும். காதலிக்கிறார் என்ற செய்தி வெளியானதற்காக, 2024 மார்ச்சில் ஏஸ்பா என்ற கொரியப் பாடகிகள் குழுவின் கரீனா தன் கையால் கடிதம் எழுதி ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு இளம்பெண் காதலித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், ரசிகர்களிடம் எது விற்கப்பட்டிருக்கிறது என்று புரியும். இதைப் பிள்ளையோடு பேசுங்கள். குழுவைத் திட்டாமல் வியாபாரத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் நன்றாகவே பேசுவார்கள்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? 2002-இல் மெக்கட்சனும் சக ஆய்வாளர்களும் பிரபலங்கள் மீதான ஈடுபாட்டை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். பொழுதுபோக்காக, நண்பர்களோடு பேசி மகிழ்வதற்காக ரசிப்பது ஒன்று. தனக்கு மட்டுமே உரிய ஆழமான பிணைப்பாக உணர்வது அடுத்தது. அவருக்காக எதையும் செய்யத் துணிகிற நிலை மூன்றாவது. பெரும்பாலான பிள்ளைகள் முதல் நிலையிலேயே இருப்பவர்கள். நான் எத்தனை மணி நேரம் கேட்கிறாள் என்பதைவிட, எதை விட்டுவிட்டாள் என்றுதான் கேட்பேன். முன்பு பிடித்திருந்த விளையாட்டு, தோழிகளோடு பேச்சு, சாப்பாடு, தூக்கம். இவற்றில் எது கழன்று போயிருக்கிறது?

முதலில் போவது பெரும்பாலும் தூக்கம். 13 வயதிலிருந்து 18 வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். கொரியத் தொடர் பெரும்பாலும் 16 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒவ்வொரு பகுதியும் அடுத்தது என்ன என்று தவிக்க வைக்கிற இடத்தில்தான் முடியும். "இந்த எபிசோடு முடிஞ்சதும் தூங்கிடறேன்" என்பது அதனால்தான் நடக்காது. நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: பகுதியின் முடிவில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். முந்தைய முடிச்சு அவிழ்ந்து, அடுத்த முடிச்சு விழாத இருபதாவது நிமிடத்தில் நிறுத்துவது எளிது. அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தொடர் பார்க்கும் பெண்கள் பலர், "அது ஒண்ணுதான் மேடம் எனக்குன்னு இருக்கிற நேரம்" என்கிறார்கள். அவர்களிடம் போனைக் குறை என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. பகலில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்க வீட்டார் வழி செய்ய வேண்டும்.

தூக்கத்தைவிட எனக்கு அதிகம் பயம் தருவது சாப்பாடு. (இங்கே நான் சொல்லும் பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி பிரேயரில் மயங்கி விழுந்தாள். "பாட்டுப் பைத்தியம் மேடம்" என்றுதான் அம்மா அழைத்து வந்தார். தனியாகப் பேசியபோது அவள் போனில் ஒரு பட்டியலைக் காட்டினாள். ஒரு பாடகி கடைப்பிடித்ததாக இணையத்தில் சுற்றும் உணவு முறை: காலையில் ஒரு ஆப்பிள், மதியம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இரவு புரத பானம். அதற்குக் கீழே அன்றாடம் தன் எடையைக் குறித்து வைத்திருந்தாள். டிபன் பாக்ஸில் அம்மா வைக்கும் தோசை தோழிக்குப் போய்க்கொண்டிருந்தது. மாதவிடாய் நின்று போயிருந்தது, முடி கொட்டியது. இதில் எதுவும் வீட்டுக்குத் தெரியாது. அந்தப் பாடகியின் பெயரை எடுத்தாலே திட்டு விழுகிற வீட்டில் அவள் எதைச் சொல்வாள்? இந்த நிலைக்கு வந்த பிள்ளைக்கு அறிவுரை போதாது. மருத்துவரும் மனநல நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது, உயிருக்கே ஆபத்தாகலாம். வளரும் பெண்ணை "குண்டாயிட்டே" என்று சொல்வதை உறவினர்களும் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

அப்புறம் துக்கம். 2023 ஏப்ரலில் ஆஸ்ட்ரோ என்ற கொரிய இசைக்குழுவின் பாடகர் மூன்பின் 25 வயதில் இறந்தார். அவருடைய ரசிகையான ஒரு கல்லூரி மாணவி பல நாட்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. "யாரோ ஒருத்தன் செத்ததுக்கு இப்படியா? எங்கப்பா செத்தப்பகூட நீ அழலையே" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒரு மனிதரின் குரலைத் தினமும் கேட்டு, அவர் சொன்ன ஆறுதலில் தேர்வுகளைத் தாண்டிவந்த பெண்ணுக்கு அது நிஜமான இழப்பு. அவள் அழட்டும், கூட உட்காருங்கள். இளம் கலைஞர் ஒருவர் இப்படி இறக்கும்போது, ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கிற ரசிகர்களின் பேச்சைக் கவனியுங்கள். "இனி எனக்கு என்ன இருக்கு", "நானும் போயிடலாம்" என்பது போன்ற சொற்கள் வந்தால், சுற்றி வளைக்காமல் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் உண்டாகும். கேட்ட பிறகு அவளைத் தனியே விடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் இன்னொரு வலை இருக்கிறது. பிரபலத்தின் "தனிக் கணக்கு" என்று ஒருவர் பேசத் தொடங்குவார். நாள்கணக்கில் அன்பாகப் பேசுவார். பிறகு பரிசுப் பெட்டி கஸ்டம்ஸில் நிற்கிறது, பணம் கட்டு என்பார், அல்லது புகைப்படம் கேட்பார். இப்போது செயற்கை நுண்ணறிவால் குரலும் முகமும்கூடப் போலியாக வருகின்றன. படத்தை அனுப்பிவிட்டு மிரட்டலில் சிக்கிய பிள்ளை வீட்டில் சொல்லத் தயங்குவதற்குக் காரணம், "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வசனம் வரும் என்ற பயம். உங்கள் பிள்ளைக்கு இன்றே ஒரு வாக்குக் கொடுங்கள்: என்ன நடந்திருந்தாலும் முதலில் காப்பாற்றுவோம், திட்டு கிடையாது. பணம் போயிருந்தாலும் மிரட்டல் வந்தாலும் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். என் அறையில் ஒரு அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் தயங்கி, "சரிம்மா, உனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு போடு" என்றார். மகள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு இயர்போனின் ஒரு முனையை அவர் காதில் வைத்துவிட்டாள். பாட்டு முடிந்ததும், இதில் பாடுகிறவன் யார், ஆடுகிறவன் யார், வரிக்கு என்ன அர்த்தம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். வகுப்பில் தன்னை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதும் அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான் வெளியே வந்தது. பல மாதங்களாக வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் அது.

வீட்டுக்கு விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், அப்பா அம்மாவின் போனும் சேர்த்து. ஆல்பத்துக்கும் பொருட்களுக்கும் மாதம் இவ்வளவுதான் என்று பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். பொதுத்தேர்வு நேரத்தில் எவ்வளவு குறைப்பது என்பதை அவளையே சொல்லச் சொல்லுங்கள், பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிடக் கறாராகவே சொல்வாள். ஆர்வம் மொழியின் பக்கம் திரும்பினால் தடுக்காதீர்கள். சென்னையில் இன்கோ மையம் கொரிய மொழி கற்றுத் தருகிறது. கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் டோபிக் தேர்வில் ஆறு நிலைகள் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த காலத்திலிருந்தே சென்னையைச் சுற்றியுள்ள கொரிய நிறுவனங்களில் அந்த மொழி தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. தொடர் பார்த்துப் பழகிய காதோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் வேகமாகவே கற்கிறார்கள்.

பிள்ளை சாப்பிடாமல் இருந்தாலோ, தூங்காமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டால், அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லுங்கள். 1098-ஐ உங்கள் பிள்ளையும் தானாக அழைக்கலாம். அந்த எண்ணை அவளிடமும் கொடுத்து வையுங்கள்.